படபடப்பு, பயம், ஹார்மோன்: மலையில் இளைஞர்கள் கேட்கும் கேள்விகள்

குன்னூரில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஊசி குத்தும் அந்த இரண்டு நிமிடங்களில், வீட்டில் சொல்லாததையெல்லாம் பையன்கள் என்னிடம் சொல்லிவிடுவார்கள். கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர் பக்கங்களிலிருந்து வரும் தம்பிகள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. இதில் மருந்தின் பெயர் வரும் இடங்களில், அதை எழுதித் தரவேண்டியவர் மருத்துவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை நடுங்குகிறது, காரணமே இல்லாமல் பயம் வருகிறது. ஹார்மோன் கோளாறாக இருக்குமா?

இருக்கலாம். பலருக்கு அப்படி இருப்பதில்லை. ஆனாலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது தைராய்டு. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருக்கும் இந்தச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்தால் உடம்பு முழுவதும் வேகம் எடுத்துவிடும். இதயம் வேகமாக அடிக்கும், விரல் நடுங்கும், வியர்க்கும், தூக்கம் கெடும், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வரும். மனப்பதற்றத்துக்கும் இவையேதான் அடையாளம். பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருவதால் தைராய்டைப் பெண்களின் நோய் என்றே ஊர் நம்புகிறது. பையனுக்கு வந்தால் யாருக்கும் அந்த நினைப்பே வருவதில்லை.

எனக்கு வந்தபோதும் அப்படித்தான். அப்போது 24 வயது. இந்த வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஏழு மாதங்கள் சரியான தூக்கம் இல்லை. வீட்டில் வேலைப் பளு என்றார்கள். சமவெளியில் ஒரு லாட்ஜில் மாதாமாதம் முகாம் போடும் வைத்தியர் ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி, என் ஒரு மாதச் சம்பளத்தை லேகியத்துக்கு வாங்கிக்கொண்டார். ஒருநாள் ரத்தக் குப்பிகளுக்கு நான் லேபிள் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த டெக்னீஷியன், “தம்பி, இரண்டு கையையும் நீட்டு” என்றார். விரல்களை விரிக்கச் சொல்லி, அவற்றின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாளின் ஓரம் மின்விசிறிக் காற்றில் ஆடுவதுபோல் ஆடியது. குன்னூர்க் குளிரில் எங்கள் கூடத்துக்கு மின்விசிறியே கிடையாது. அன்றைக்கே ரத்தம் எடுத்தார். தைராய்டைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன் டிஎஸ்எச். தைராய்டு மிகுந்தால் இது இறங்கிவிடும். எனக்கு அது கருவிக்கு எட்டாத அளவுக்கு இறங்கியிருந்தது. கிரேவ்ஸ் நோய் என்றார் மருத்துவர். உடம்பின் எதிர்ப்பு ஆற்றலே தைராய்டைத் தூண்டிவிடுவதால் வருவது அது.

பதற்றமா தைராய்டா என்று வீட்டிலேயே சந்தேகிக்க வழி உண்டா?

உறுதி செய்ய முடியாது, சந்தேகிக்கலாம். எங்கள் மலையில் அதற்குக் குளிரே உதவி செய்கிறது. டிசம்பர் கடைசியில், உதகைப் புல்வெளியெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் நேரத்தில், ஒரு பையன் கம்பளி வேண்டாம் என்று உதைத்துத் தள்ளிவிட்டு வியர்வையோடு படுத்திருந்தால் அவனுக்கு ‘நல்ல ரத்தம்’ என்று பெருமைப்படுவார்கள். பெருமைப்படாதீர்கள், கழுத்தைப் பாருங்கள்.

நான் கையைத் தொட்டதுமே ஓரளவு ஊகிப்பேன். பதற்றத்தில் வருகிறவனின் உள்ளங்கை பெரும்பாலும் சில்லென்று ஈரமாக இருக்கும். தைராய்டு மிகுந்தவனின் கை, காலை ஏழு மணிக் குளிரிலும் வெதுவெதுப்பாக ஈரமாக இருக்கும். இன்னொன்று, தூங்கும்போது எண்ணுகிற நாடி. வெறும் பதற்றம் என்றால் உறக்கத்தில் நாடி இறங்கிவிடும். தைராய்டு மிகுந்திருந்தால் ஆழ்ந்து தூங்கும்போதும் 90, 100 என்று ஓடிக்கொண்டிருக்கும். அம்மாவோ அறை நண்பனோ மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணிச் சொல்லலாம். நன்றாகச் சாப்பிட்டும் பேண்ட் இடுப்பில் நிற்காமல் போகிறதா என்பதையும் பாருங்கள்.

தைராய்டு குறைவதிலும் பதற்றம், சோர்வு, மந்தம் வரலாம். அதற்கான முக்கிய அடையாளம் குளிர் தாங்காமை. எல்லோரும் ஸ்வெட்டரில் சுருண்டிருக்கும் ஊரில் அதை யார் கவனிப்பார்கள்? மறைந்தே போகிறது.

பஸ் நிலையத்திலிருந்து பெட்ஃபோர்டு வரை ஏறிவிட்டு நெஞ்சு அடிக்கிறது என்று சொல்லாதீர்கள். அந்த ஏற்றத்தில் யாருக்கும் அடிக்கும். உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்து எண்ணுங்கள்.

எந்தெந்தப் பரிசோதனை எடுக்க வேண்டும்?

இந்தத் தொழிலில் இருப்பவனே சொல்கிறேன்: ‘முழு ஹார்மோன் பேக்கேஜ்’ எதையும் வாங்காதீர்கள். டிஎஸ்எச், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4, ரத்த அணுக்கள் எண்ணிக்கை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம். தொடக்கத்துக்கு இது போதும். மருத்துவர் கேட்டால் மேற்கொண்டு போகலாம். உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் உடம்புக்கும் மனதுக்கும் ஒரே இடத்தில் மருத்துவர்களைப் பார்க்கலாம்.

ரத்த அணுக்களைச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. ரத்தசோகையிலும் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும். சிக்கிள் செல் என்னும் பரம்பரை ரத்தக் கோளாறு 1952இலேயே நீலகிரிப் பழங்குடி மக்களிடையே கண்டறியப்பட்டது. பழங்குடிக் குடும்பத்துத் தம்பிகள் பதற்றம் என்று வந்தால் ஹீமோகுளோபினைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

முடி உதிர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். முடிக்கான பல மாத்திரைகளில் பயோட்டின் என்னும் வைட்டமின் மிக அதிக அளவில் இருக்கும். அது தைராய்டைக் கெடுப்பதில்லை. சில கருவிகளில் பரிசோதனை முடிவைக் கெடுத்துவிடும். இல்லாத தைராய்டு மிகையைக் காகிதத்தில் காட்டும். போன ஆண்டு ஒரு தம்பிக்கு அப்படி வந்தது. ஒரு வாரம் அவன் சாப்பிடாமல் கிடந்து பயந்தான். மாத்திரையை நிறுத்தி நான்கு நாள் கழித்து மறுபடி எடுத்தோம். எல்லாம் சரியாக இருந்தது. குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு வாருங்கள்.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் பயம் வருமா?

குறைவு உண்மையாக இருந்தால் சோர்வு, மனச்சோர்வு, பதற்றம் எல்லாம் கூட வரலாம். ஆனால் 22 வயதுப் பையன் சும்மா பயப்படுகிறான் என்பதற்காக இந்தப் பரிசோதனையை எடுக்க வேண்டியதில்லை. ஆசை குறைவது, காலையில் இயல்பாக வரும் விறைப்பு நின்றுபோவது, தாடி மீசை வளர்ச்சி குறைவது, விதைகள் சிறியதாக இருப்பது, மார்பு பெரிதாவது ஆகிய அடையாளங்கள் இருந்தால்தான் சந்தேகிக்க வேண்டும். பிறவியிலேயே ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை ஆண்களில் சுமார் 600 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பலருக்குத் தெரியாமலே வயது போய்விடுகிறது. தலைவலி, பார்வை மங்கல், மார்பில் பால் போல் கசிவு இருந்தால் பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோனையும் பார்க்கச் சொல்வார்கள்.

எடுப்பதென்றால் முறையாக எடுக்க வேண்டும். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். அதனால் காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுக்க வேண்டும். பகல் மூன்று மணிக்கு எடுத்த ஒரே ஒரு அறிக்கையை வைத்துக்கொண்டு “எனக்கு ஆண்மை குறைந்துவிட்டது அண்ணா” என்று கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே என்பது பல மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. அதுவும் இரண்டு முறையும் குறைந்து, அடையாளங்களும் இருந்தால்தான். காய்ச்சலாக இருக்கும்போதும் இரவு வேலை முடித்த கையோடும் வராதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நீண்ட நாள் கவலையில் இருப்பவருக்கு மூளையே விதைகளுக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துக்கொள்கிறது. கவலையால் ஹார்மோன் இறங்குகிறது என்பதும் உண்மைதான். தூக்கமும் அப்படியே. 2011இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டுமே தூங்க வைத்துப் பார்த்தார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு குறைந்தது. திருப்பூரில் இரவு ஷிஃப்ட், பெங்களூரில் இரவு ஷிஃப்ட் என்று இருந்துவிட்டு மலைக்கு வரும் தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்றுதான்.

ஜிம்மில் ஊசி போட்டுக்கொண்டால் தைரியம் வரும் என்கிறார்கள்.

போட்டுக்கொள்ளாதீர்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால், போதும் என்று நினைத்து உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திவிடும். விதைகள் சுருங்கும், விந்தணு குறையும். ஊசியை நிறுத்தியதும் உடம்பு உடனே திரும்பச் சுரக்காது. அந்த மாதங்களில் வரும் இருட்டும் பயமும் சாதாரணமானவை அல்ல. ஏற்கெனவே போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

விந்து வெளியேறுவதால் நரம்புத் தளர்ச்சி வந்து பயம் வருகிறதா?

இல்லை. சுவரிலும் பஸ் நிலையக் கழிவறையிலும் ஒட்டியிருக்கும் விளம்பரங்கள் உருவாக்கிய பயம் இது. சுய இன்பத்தாலோ தூக்கத்தில் வெளியேறுவதாலோ எந்த ஹார்மோனும் வற்றிப்போகாது, நரம்பும் தளராது. நம் நாட்டில் இந்தப் பயம் எவ்வளவு பரவலாக இருக்கிறதென்றால், 1960இலேயே டாக்டர் என்.என்.விக் என்னும் மனநல மருத்துவர் இதற்கு ‘தாத் நோய்க்குறி’ என்று பெயரிட்டார். இங்கே நோய் பயம்தான். அந்தப் பயத்துக்கு நல்ல மருத்துவம் இருக்கிறது. லேகியத்துக்குப் போன என் சம்பளத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அந்தப் பணத்தைவிட, அந்த ஏழு மாதங்கள் நான் என்னையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டதுதான் பெரிய இழப்பு.

மன அழுத்த ஹார்மோன் என்கிற கார்டிசாலைப் பார்க்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இயல்பாகவே எழுந்த முதல் முக்கால் மணி நேரத்துக்குள் அது உச்சம் தொடும், நடு இரவில் அடிமட்டத்துக்குப் போகும். நினைத்த நேரத்தில் எடுத்த ஒரு எண்ணால் ஒன்றும் தெரியாது. முகம் உருண்டு, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழுந்து, மாடி ஏறத் தொடை ஒத்துழைக்காமல் போனால் மருத்துவரே பார்க்கச் சொல்வார். தலைவலி, கொட்டும் வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து விட்டுவிட்டு வந்து, அப்போது ரத்த அழுத்தமும் ஏறினால் சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கட்டியா என்று பார்ப்பார்கள். அது மிக அரிது.

ஒருநாள் காலையில் கால்கள் அசையவே இல்லை. பயத்தால்தானா?

இந்த ஒரு கேள்வியைத் தவறவிடாதீர்கள். தைராய்டு மிகுந்த ஆசிய இளைஞர்களுக்கு, கல்யாணப் பந்தியில் நிறையச் சாப்பிட்டுப் படுத்த பிறகோ கடுமையாக உழைத்து ஓய்ந்த பிறகோ, ரத்தத்தில் பொட்டாசியம் திடீரென்று இறங்கித் தொடையும் காலும் செயலிழந்துபோவதுண்டு. சில மணி நேரத்தில் தானே சரியானாலும் அது ஆபத்தானது; இதயத் துடிப்பையே குலைத்துவிடும். பயத்தில் நடிக்கிறான் என்று சொல்லிப் படுக்க வைக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். வளைவுச் சாலையில் மருத்துவமனை போய்ச் சேர நேரமாகும் என்பதால் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள்.

தேநீரை நிறுத்த வேண்டுமா?

தேயிலை ஊரில் இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து டம்ளர் கருந்தேநீர் குடித்துவிட்டுப் படபடக்கிறது என்று வருபவர்கள் உண்டு. பயந்த சுபாவக்காரர்களுக்குக் காஃபீன் பயத்தைக் கிளப்பும். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடம்பில் இருக்கும். காலையில் இரண்டு, பகலில் ஒன்று என்று வைத்துக்கொண்டு இரண்டு வாரம் பாருங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் தலை வலிக்கும். முந்தின இரவு குடித்த மதுவும் விடிகாலை நடுக்கத்துக்குப் பெரிய காரணம். அதை மறைப்பவர்கள்தான் அதிகம்.

மருந்து சாப்பிட்டால் பயமும் போய்விடுமா?

தைராய்டு மிகைக்குக் கார்பிமசோல் கொடுப்பார்கள். பொதுவாக ஒன்று, ஒன்றரை ஆண்டு. அதைச் சாப்பிடும்போது காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வெள்ளணுக்களைப் பார்க்க வேண்டும். படபடப்பை அடக்க புரோப்ரானலால் தருவார்கள். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அது ஆகாது.

எனக்கு நடுக்கம் சில நாட்களில் நின்றது. இரண்டு மாதத்தில் எடை திரும்பியது. பயம் மட்டும் உடனே போகவில்லை. அறிக்கையில் எல்லா எண்களும் சரியான பிறகும், மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு அடித்துவிடுமோ என்று படியிலேயே நின்றிருக்கிறேன். ஹார்மோன் கற்றுக்கொடுத்த பயம், ஹார்மோன் போன பிறகும் உடம்பில் தங்கிவிடுகிறது. அதை மனநல ஆலோசகர் ஒருவர்தான் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்தார். முதல் வாரம், வழியில் இருக்கும் பர்லியாறு வரை மட்டும் போய்த் திரும்பு என்றார்.

எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டது. அப்படியென்றால் என் பயம் கற்பனையா?

இல்லை தம்பி. எனக்கு மிகவும் வருத்தம் தரும் கேள்வி இது. நார்மல் என்ற அறிக்கையைக் கையில் வாங்கும்போது பையன்களின் முகம் தொங்கிப்போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நோய் இல்லை என்றால் மகிழத்தானே வேண்டும்? மகிழ முடிவதில்லை. ‘ஹார்மோன் பிரச்சினை’ என்று வீட்டில் சொல்ல முடிகிறது, நண்பனிடம் சொல்ல முடிகிறது. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று ஓர் ஆண்பிள்ளையால் சொல்ல முடிவதில்லை. அந்தச் சொல்லையும் அறிக்கை பறித்துவிடுகிறது.

தெரிந்துகொள்ளுங்கள்: பதற்றம் வரும்போது அட்ரீனலின் உண்மையாகவே சுரக்கிறது, இதயம் உண்மையாகவே வேகமாக அடிக்கிறது. சுரப்பியில் நோய் இல்லை என்றுதான் அறிக்கை சொல்கிறது. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லவில்லை. திடீர் பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, அரை மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். ஓடிப்போய் எங்கும் ஒளிய வேண்டாம். ஒவ்வொரு முறை ஓடும்போதும் அடுத்த பயம் பெரிதாகிறது. வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பேச்சு வழியாகத் தரும் சிகிச்சை நன்றாகவே வேலை செய்கிறது. மாத்திரை தந்தால் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சில மாத்திரைகள் ஆசையைக் குறைக்கும். அப்படி நேர்ந்தால் வெட்கப்பட்டு நீங்களே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

சாகலாம் என்ற நினைப்பு வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104இலும் பேசலாம்.

நான் ஒரு அம்மா. மகன் அறையை விட்டு வெளியே வருவதில்லை, கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். என்ன செய்வது?

அக்கா, “என்னடா பிரச்சினை?” என்று எதிரே உட்கார்ந்து கேட்டால் அவன் சொல்லமாட்டான். கேரட் நறுக்கும்போதோ விறகு அடுக்கும்போதோ பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, “ராத்திரி தூங்குகிறாயா, நெஞ்சு ஏதாவது அடிக்கிறதா” என்று உடம்பைப் பற்றிக் கேளுங்கள். உடம்பைப் பற்றிய கேள்விக்கு அவன் பதில் சொல்வான். ரத்தப் பரிசோதனைக்கு வருவதற்கும் ஒத்துக்கொள்வான். எங்களிடம் வரும் பல பையன்கள் அப்படித்தான் வருகிறார்கள். “ஆண்பிள்ளை பயப்படலாமா” என்று மட்டும் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாக அப்பா.

பெண் பார்த்திருக்கிறார்கள். தைராய்டு இருப்பதைச் சொல்லலாமா?

சொல்லுங்கள். மாத்திரையில் கட்டுக்குள் இருக்கும் நோய் இது. கல்யாணத்துக்குப் பிறகு அலமாரியில் மாத்திரை அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் நம்பிக்கையைக் கெடுக்கும்.

எப்போது, எப்படி வர வேண்டும்?

முதல் பஸ்ஸில் வாருங்கள். டெஸ்டோஸ்டிரோனும் சர்க்கரையும் பார்ப்பதாக இருந்தால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வர வேண்டும். வழியில் தேநீர் கூடாது. தைராய்டு மட்டும் என்றால் பட்டினி தேவையில்லை. சாப்பிடும் மாத்திரை, பொடி, ஊசி எல்லாவற்றின் அட்டையையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். முழங்கைக்கு மேல் சுருட்ட முடிகிற ஸ்வெட்டராகப் போட்டுக்கொள்ளுங்கள். குளிரில் நரம்பு உள்ளே ஒளிந்துகொள்ளும். வந்ததும் வெந்நீர் டம்ளர் ஒன்று தருவேன். குடிப்பதற்கு முன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள்.